குளிரில் பீர் தயாரிக்கும்போது கடைசி நாட்களை விட்டுவிடாதீர்கள்

குளிர்காலத்தில் வீட்டில் பீர் தயாரிக்கிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு நாளைக்குத்தான் கவலைப்படுகிறார்கள். ஈஸ்ட் போட்டாச்சு, ஏர்லாக்கில் (கேஸை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர் மூடியில்) இன்னும் குமிழி வரவில்லையே என்று கம்பளியைச் சுற்றுவது, ஹீட்டரைக் கூட்டுவது எல்லாம் அப்போதுதான். குமிழி வர ஆரம்பித்ததும் அந்தப் பக்கமே போவதில்லை. நான் நேர்மாறாகச் சொல்வேன். வெளியிலிருந்து சூடு கட்டாயம் வேண்டியிருப்பது கடைசி நாட்களில்தான்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது தானே சூட்டைக் கிளப்பும். மும்முரமாக நொதிக்கிற நாட்களில் உள்ளே இருக்கும் பீர் அறையைவிட 3, 4 டிகிரி கூடுதலாக இருப்பது சகஜம். அறை 16 டிகிரி என்றால் உள்ளே 19, 20 இருக்கும், பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுக்கு (சற்றுச் சூட்டில் நொதிக்கும் பீர் வகைக்கான ஈஸ்ட்டுக்கு) அது தாராளம். அந்த நேரத்தில் வெளியிலிருந்தும் கண்டபடி சூடு கொடுத்தால் 25-ஐத் தாண்டிப் போய், ஃபியூசல் ஆல்கஹால் சேர்ந்து, தொண்டையில் எரிச்சலோடு இறங்குகிற பீர்தான் கிடைக்கும். அப்புறம் சர்க்கரை குறையக் குறைய இந்தச் சூடும் குறைகிறது, பீர் அறையின் குளிருக்கு இறங்குகிறது, ஈஸ்ட் சோர்ந்து அடியில் படிய ஆரம்பிக்கிறது. ஆனால் அதற்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. நொதிக்கும்போது உண்டாகும் டையசெட்டிலை, அதாவது அந்த வெண்ணெய் வாசனையை, திரும்ப உறிஞ்சிக்கொள்வது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நடக்கும். 10 டிகிரி பக்கம் லாகர் (குளிரில் நொதிக்கும் பீர் வகை) தயாரிக்கிறவர்கள்கூடக் கடைசியில் சில டிகிரி ஏற்றி இரண்டு மூன்று நாள் வைப்பது இதற்காகத்தான்.

சூடாக்குவதற்கு முன்னால் இருக்கிற சூட்டைக் காப்பாற்றுங்கள். சிமெண்ட் தரையில் ஃபெர்மென்டரை, அதாவது பீர் நொதிக்கிற பாத்திரத்தை, வைக்கவே வேண்டாம், அடியில் ஒரு மரப்பலகையோ தெர்மாகோலோ போட்டாலே வித்தியாசம் தெரியும். வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். நிலையாக 17 டிகிரி இருக்கும் மூலை, பகலில் 22-ம் ராத்திரி 13-ம் ஆகிற இடத்தைவிட எவ்வளவோ மேல். திடீரென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி ஏர்லாக்கில் உள்ள தண்ணீரையும் உள்ளே இழுத்துவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை.

அதற்கும் மேல் சூடு தேவை என்றால் ஹீட் பெல்ட், அதாவது ஃபெர்மென்டரைச் சுற்றிக் கட்டுகிற மின்சாரப் பட்டை, போதும். 25 வாட் என்றால் ரொம்பக் குறைவாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 84 கிலோஜூல் வேண்டும், வெளியே எதுவும் வீணாகாவிட்டால் அந்தப் பெல்ட் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். கம்பளி சுற்றியிருந்தால் அந்தக் கணக்குக்கு ஓரளவு பக்கத்தில் வரும், சுற்றாவிட்டால் பாதிச் சூடு அறைக்குத்தான் போகும். எனக்குப் பிடித்தது தண்ணீர்த் தொட்டி முறை. பெரிய தொட்டியில் ஃபெர்மென்டரை இறக்கி, சுற்றித் தண்ணீர் நிரப்பி, மீன்தொட்டி ஹீட்டரைப் போட்டுவிட்டால் சூடு ஒரே சீராகப் பரவும், அறை எப்படி ஏறி இறங்கினாலும் உள்ளே அசையாது. ஹீட்டரைத் தண்ணீரிலிருந்து எடுப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பல்பு வைத்துச் சூடாக்குகிறவர்கள் வெளிச்சம் பீரில் படாமல் மறைக்க வேண்டும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூ வெளிச்சம் பட்டால் நாறும்.

சூட்டை அளந்து ஹீட்டரைத் தானே போட்டு அணைக்கிற கன்ட்ரோலர் வாங்கினால் சென்சாரை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் எல்லாமே. காற்றில் தொங்கவிட்டால் அது அறையைத்தான் அளக்கும். ஃபெர்மென்டரின் பக்கவாட்டில், பீர் மட்டத்துக்குக் கீழே, பெல்ட்டுக்கு எட்டத் தள்ளி ஒட்டி, மேலே நாலு மடிப்பு பபுள் ரேப் வைத்து இறுக்கி டேப் போடுங்கள். இப்படிச் செய்தால் பீரின் சூட்டுக்கு ரொம்ப நெருங்கிய எண் கிடைக்கும். முதல் சில நாள் 18-ல் வைப்பேன், குமிழி தணிய ஆரம்பித்ததும், முழுசாக நிற்பதற்கு முன்பே, 21-க்கு ஏற்றிவிடுவேன்.

இன்னொன்று, இதில் விளையாடக் கூடாது. குளிரில் ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தியை வைத்துச் சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கருவி) மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டினால் நொதித்து முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, ஈஸ்ட் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதை அப்படியே பாட்டிலில் அடைத்து, பிறகு வெயில் வந்து ஈஸ்ட் விழித்துக்கொண்டால் மிச்சச் சர்க்கரையும் கேஸாகி பாட்டில் வெடிக்கும், கண்ணாடி சிதறும். அதனால் முதலில் 20, 21-க்கு ஏற்றி, ஃபெர்மென்டரை லேசாகச் சுழற்றி அடியில் இருக்கும் ஈஸ்ட்டைக் கிளப்பிவிட்டு, சில நாள் விட்டு அளந்து பாருங்கள். அப்போதும் எண் அசையாமல் இருந்தால் பாட்டிலில் அடைக்கலாம். அடைத்த பாட்டில்களையும் இரண்டு வாரம் அதே சூட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் கேஸ் ஏறாது.