இரண்டு கோடு

தொண்டிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பதினோரு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். மஞ்சள் காமாலை என்று வருகிறவர்களில் பாதிப் பேர் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்துவிட்டுத்தான் வருவார்கள். நாட்டுப்படகில் போகும் ஓர் அண்ணனும் அப்படித்தான். "கண்ணு தெளிஞ்சிருச்சே தாயி, இன்னும் எதுக்கு ஊசி குத்துற?" என்றார்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் காட்டும் கார்டில் சீரம் சொட்டினேன். ஈரம் மெல்ல ஏறியது. கார்டு வேலை செய்கிறது என்று காட்டும் கன்ட்ரோல் கோடு உடனே வந்தது. பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்படி ஒரு ரோஸ் நிழல். பத்து நிமிஷத்தில் அதுவும் அழுத்தமான கோடு. இரண்டு கோடு என்றால் வைரஸ் இருக்கிறது. ஆறு மாதம் கழித்தும் அதே இரண்டு கோடு. மஞ்சள் இறங்கிவிட்டது, வைரஸ் இறங்கவில்லை. வருஷக்கணக்கில் கல்லீரலிலேயே கிடந்து புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோவது இதுதான்.

கீழாநெல்லியை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். 1988-ல் சென்னை ஆய்வு ஒன்று லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கும் அதில் இருந்தார். 30 நாள் கீழாநெல்லித் தூள் சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 சதவீதம். படித்தபோது சிலிர்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கு நிஜமாகவே வருத்தம்.

சீனாவில், இலைப் பச்சையத்திலிருந்து தயாரிக்கும் குளோரோஃபிலினை நாலு மாதம் மூன்று வேளையும் கொடுத்தார்கள். இந்த வைரஸைப் போலவே கல்லீரல் புற்றுநோயைக் கொண்டுவரும் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு மரபணுவைத் தாக்கியதற்கான தடயம் சிறுநீரில் 55 சதவீதம் குறைந்தது. குறைந்தது தடயம், புற்றுநோயே குறையுமா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஆனால் அந்த நஞ்சு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தூறலில் நனைந்த முண்டு மிளகாயைப் பிளந்தால் விதையைச் சுற்றிச் சாம்பல் பூத்திருக்கும். "நல்லதோட சேர்த்து அரைச்சிரலாம்டி" என்பார் அம்மா. வறுத்தாலும் முழுசாகப் போகாத நஞ்சு அது. முறத்தோடு பிடுங்கிக் கொட்டியிருக்கிறேன்.

அண்ணன் இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். வீட்டில் எல்லோரையும் கூட்டிவரச் சொன்னேன். மாசமாக இருந்த மகளுக்கு ஒரே கோடு. போன மாதம் லேப் வாசலில் நின்று கூப்பிட்டார்: "தாயி, பேரன் பொறந்திருக்கான். இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள போடணும்னியே, அந்தத் தடுப்பூசி போட்டாச்சு."