நிமோனியா குழந்தையின் சி.ஆர்.பி. ரிப்போர்ட்

மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் காய்ச்சலும் மூச்சிரைப்புமாகப் பிள்ளையைத் தூக்கி வருபவர்கள், ரிப்போர்ட்டை வாங்கியதும் "சார், இது வைரஸா, பாக்டீரியாவா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். அதற்கு மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் உள்ள சி.ஆர்.பி. எண் எப்படி வருகிறது என்பதை மட்டும் நான் சொல்லலாம்.

சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன்) என்பது உடலில் அழற்சி ஏற்படும்போது கல்லீரல் சுரக்கும் புரதம். நிமோகாக்கஸ் கிருமியால் நிமோனியா கண்டவர்களின் ரத்தத்தில்தான் 1930இல் இதை முதலில் கண்டார்கள். சிறிய கூடங்களில், கறுப்புத் தளத்தில் ஒரு சொட்டு சீரத்துடன் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) சி.ஆர்.பி.யைப் பிடிக்கும் நுண்மணிகள் கலந்த ஒரு சொட்டு லேட்டக்ஸ் கரைசலைக் கலந்து ஆட்டுவோம். இரண்டு நிமிடத்துக்குள் வெள்ளைக் குருணை திரண்டால் 'பாசிட்டிவ்'. லிட்டருக்கு 6 மில்லிகிராம் அளவிலேயே குருணை திரண்டுவிடும் என்பதால், 10 உள்ள பிள்ளைக்கும் 150 உள்ள பிள்ளைக்கும் ரிப்போர்ட்டில் அதே ஒற்றைச் சொல்தான் இருக்கும். நிமோனியாவின் வகையைப் பிரிக்க அந்தச் சொல் அநேகமாக உதவாது என்பதே என் எண்ணம். எண்ணாக வந்தாலும் அலகைப் பார்க்க வேண்டும்: டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 6 மில்லிகிராம் என்பதும் லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்பதும் ஒன்றே. இது தெரியாமல், இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை அருகருகே வைத்துக்கொண்டு பதறுபவர்கள் உண்டு.

அதைவிட முக்கியம் நேரம். அழற்சி தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே சி.ஆர்.பி. ஏறத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாளில் உச்சம் தொடும். ஆகவே காய்ச்சல் கண்ட அன்றிரவே எடுத்த ரத்தத்தில் எண் குறைவாக இருப்பதை வைத்து பாக்டீரியா இல்லை என்று சொல்லிவிட முடியாது. எண் கூடுதலாக இருப்பதும் தீர்ப்பாகாது, ஏனெனில் அடினோவைரஸ் தனியாகவே அதை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும்.

புரோகால்சிடோனின் என்று ரத்தத்தில் பார்க்கும் இன்னொரு பொருள் இன்னும் சீக்கிரமாக, நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் ஏறும். வைரஸ் தொற்றின்போது சுரக்கும் இன்டர்ஃபெரான் அதை அடக்கி வைப்பதால், பிரித்தறிவதில் சி.ஆர்.பி.யைவிட ஒருபடி மேல். விலைதான் அதிகம். ஆனால் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவாக இருந்தும் இதை அவ்வளவாக ஏற்றுவதில்லை. வைரஸும் நிமோகாக்கஸும் சேர்ந்தே வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எனவே ரத்தம் கொடுக்க வரும்போது, காய்ச்சல் தொடங்கிய நேரத்தையும் முன்பே கொடுத்த ஆன்டிபயாட்டிக்கின் பெயரையும் சீட்டில் எழுதி வாருங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, இரண்டு மாதத்துக்குக் கீழே 60 என்ற அளவை மூச்சு எட்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, ரிப்போர்ட்டுக்காக எங்கள் பெஞ்சில் காத்திருக்காமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.