கேட் தூணை நகர்த்திவிட்டு வாங்கிய கார்

எங்கள் வீட்டு ஹூண்டாய் சாண்ட்ரோ ஜிங் கார் 2008இல் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி. கும்பகோணத்தில் டிஎன் 68 நம்பர் வாங்கியது. பதினேழு வருடத்தில் ஒரு தடவைகூட எங்களை நடுவழியில் நிறுத்தியதில்லை. 2023இல் 15 வருடம் முடிந்தபோது ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, 5,000 ரூபாய் கட்டி, ஆர்.சி.யை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தோம். 2028 வரை ஓட்டலாம். அப்படியிருக்க ஏன் மாற்றுகிறாய் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள்.

எனக்கு இரண்டு கவலை. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2008 வண்டியை அதற்காகச் செய்யவில்லை. போன வருடம் பெட்ரோல் ஹோஸ் ஒன்று வெடிப்பு விட்டுக் கசிந்தது. மெக்கானிக் அண்ணன் மாற்றிக் கொடுத்துவிட்டு, "ரப்பர் சாமானையெல்லாம் இனி அடிக்கடி பாத்துக்கணும் சார்" என்றார். இன்னொன்று அம்மா. இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆன பிறகு மாதம் ஒருமுறை திருச்சிக்கு டாக்டரிடம் போய் வருகிறோம். எங்கள் சாண்ட்ரோவில் ஏர்பேக் கிடையாது, திடீரென்று பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ்ஸும் கிடையாது. நான்கு வழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டும்போதெல்லாம் அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

தேட ஆரம்பித்தபோது மைலேஜ், விலை, பூட் அளவு என்றுதான் எழுதி வைத்தேன். முதல் ஷோரூமிலேயே அந்தத் தாளை மடித்துப் பையில் வைக்க வேண்டியதாகிவிட்டது. அங்கே ஒரு அழகான ஹேட்ச்பேக்கில் அம்மா ஏறி உட்கார்ந்தார்; எழுந்து வர இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த இடத்தில் பெரிய எஸ்யூவி. அதில் காலைத் தூக்கி வைக்கவே முடியவில்லை. "ஏறவும் வேணாம், எறங்கவும் வேணாம்ப்பா. சாண்ட்ரோ மாதிரி நின்னபடி திரும்பி உக்காந்தா போதும்" என்றார். 1998இல் சாண்ட்ரோ வந்த புதிதில் அதன் உயரத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் நிறைய. அந்த உயரம் எதற்கு என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அன்று ராத்திரியே சாண்ட்ரோவின் சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்துகொண்டேன். அதற்குப் பிறகு எந்த ஷோரூமுக்குப் போனாலும் முதலில் டேப், அப்புறம்தான் பேச்சு. சேல்ஸ் பையன்கள் முதலில் விழித்தாலும், காரணம் சொன்னதும் அவர்களே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அவர்களை அழைத்துப்போய் ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள், ஒரு முறை போதாது. மூன்றாவது முறைதான் முகத்தில் வலி தெரியும்.

கடைசியில் இரண்டு வண்டிகள் நின்றன: மாருதி வேகன்ஆர், டாடா பஞ்ச்.

சாண்ட்ரோவின் நேர் வாரிசு என்றால் வேகன்ஆர்தான். அதே மாதிரி உயரமான வண்டி, அதே எளிமை. அகலம் 1,620 மி.மீ. எங்கள் வீட்டு கேட்டோ ஆறேகால் அடி, அதாவது 1,905 மி.மீ. காட்டலாக்கில் போடும் அகலத்தில் பக்கக் கண்ணாடி சேராது என்பதையும் மறக்கக் கூடாது. வேகன்ஆர் தாராளமாக நுழையும். 1,742 மி.மீ. அகலமுள்ள பஞ்ச், கண்ணாடியை மடக்கினாலும் பக்கத்துக்கு நான்கு விரல் இடம்தான் விடும். தினம் ராத்திரி அந்த இடுக்கில் நுழைப்பது என்றால் என் மனைவி காரை எடுக்கவே மாட்டாள்.

ஆனால் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஐந்து வரை நட்சத்திரம் போடும் குளோபல் என்கேப் அமைப்பு 2023இல் சோதித்தபோது வேகன்ஆருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்தான். பாடி உறுதியாக நிற்கவில்லை என்றும் சொன்னார்கள். அன்று சோதித்தது இரண்டு ஏர்பேக் வண்டி; இப்போது ஆறு ஏர்பேக் தருகிறார்கள். பஞ்ச் 2021இல் அதே இடத்தில் இரண்டே ஏர்பேக்குடன் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, பாடியும் உறுதி என்ற முடிவோடு. ஏர்பேக் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியவில்லை. இடித்தால் கூடு நிற்க வேண்டும். திருச்சி ரோட்டை நினைத்து இரண்டு வாரம் குழம்பினேன்.

முடிச்சை அவிழ்த்தது எங்கள் தெருக் கொத்தனார். "வண்டிய ஏன் சார் கேட்டுக்கு அளவு பாக்குறீங்க? கேட்ட நகத்திடலாமே" என்றார். ஒரு தூணை ஒன்றேகால் அடி தள்ளிக் கட்டி, கேட்டை வெல்டிங் வைத்து நீட்டியதில் மொத்தம் 22,000 ரூபாய் ஆனது. பஞ்ச் என்று முடிவாயிற்று. அதன் கதவுகள் 90 டிகிரி வரை திறக்கும். எங்கள் போர்டிகோவில் அவ்வளவு திறக்க இடமில்லை என்பதால், வண்டியைத் தெருவுக்கு எடுத்த பிறகுதான் அம்மாவை ஏற்றுகிறோம். இன்ஜின் மூன்று சிலிண்டர். சாண்ட்ரோவின் நான்கு சிலிண்டர் அமைதிக்குப் பழகிய காதுக்கு முதல் வாரம் வித்தியாசம் தெரிந்தது.

2025 செப்டம்பர் 22 வரை டெலிவரி எடுக்காமல் பொறுத்திருந்தோம். நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 29 சதவீதமாக இருந்தது, அன்றிலிருந்து 18 ஆனது. வண்டி பதியும்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரியான லைஃப் டாக்ஸ் தனி. எங்கள் வண்டியின் விலைக்கு அது 13 சதவீதம்.

இன்சூரன்ஸில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கிளெய்ம் எடுக்காமல் சேர்த்த போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, நமக்குச் சொந்தம். சாண்ட்ரோவில் எங்களுக்கு 50 சதவீதம் சேர்ந்திருந்தது. பழைய வண்டியை விற்ற ஆதாரத்தைக் கொடுத்து இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கினால், புது வண்டிக்கு ஆகும் சேதத்துக்கென்று கட்டும் பிரீமியத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு ஷோரூமில் இதைச் சொல்லாமலே முழுப் பிரீமியத்தையும் போட்டுத் தந்தார்கள்; "எங்ககிட்டதான் போடணும்" என்றும் சொன்னார்கள். அப்படி ஒரு கட்டாயமே கிடையாது.

சாண்ட்ரோவை மெக்கானிக் அண்ணனே கேட்டு வாங்கிக்கொண்டார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். ஆர்.சி. அவர் பெயருக்கு மாறும் வரை அந்த வண்டி எங்கே இடித்தாலும் கேள்வி என்னிடம்தான் வரும் என்பதால், மாறியதற்கான மெசேஜ் வரும் வரை விடாமல் நச்சரித்தேன். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. இப்போது அது அவர் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் நிற்கிறது. திருச்சிக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா அந்தத் தெரு வழியாகப் போகச் சொல்கிறார்.