‘லெட் டவுன்’: ஏமாற்றாமலே ஏமாற்றம் தருவது

சென்ற மாதம் ஓர் இரவு அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்து, கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் தன் மகன் அனுப்பியிருந்த ஒற்றை வரி ஆங்கிலச் செய்தியை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள். ‘ஐ லெட் யூ டவுன், அம்மா’ என்பதே அந்த வரி. அவன் இரண்டு பாடங்களில் தேறவில்லை என்பது எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது. அரைத்தூக்கத்தில் இருந்த நான், “உன்னை ஏமாத்திட்டேன்னு எழுதியிருக்கான்க்கா” என்று சொல்லிவிட்டேன். “ஏமாத்துற அளவுக்கு என்னடா செஞ்சான்? ஃபீஸ் பணத்த எங்கயாவது விட்டுட்டானா?” என்று கேட்டபோது அவள் குரல் நடுங்கியது.

அந்த நடுக்கத்துக்கு என் மொழிபெயர்ப்புதான் காரணம். ‘ஏமாறு’ என்னும் நம் வினை இரண்டு பொருள்களைச் சுமக்கிறது: கடை மூடியிருந்தால் ஏமாந்து திரும்புகிறோம், போலி நகையை வாங்கியவரும் ஏமாந்து போகிறார். ‘ஏமாற்றம்’ என்ற பெயர்ச்சொல்லில் இன்று பெரும்பாலும் முதல் பொருளே நிற்கிறது. ஆனால் ‘ஏமாற்று’ என்று பிறவினையாக்கி, அதற்கு ஒரு மனிதரை எழுவாயாக வைத்தவுடன், சூதும் வஞ்சகமும் உள்ளே வந்துவிடுகின்றன. பருவமழை ஏமாற்றிவிட்டது என்று எழுதினால் யாரும் மழையைக் குற்றவாளியாக நினைப்பதில்லை. மகன் ஏமாற்றிவிட்டான் என்றாலோ அது குற்றச்சாட்டு. ஆங்கிலத்தின் ‘லெட் டவுன்’ இந்தக் குற்றச்சாட்டைச் சொல்வதில்லை. ஒருவர் நம்மை நம்பியிருந்தார், அந்த நம்பிக்கைக்கு ஏற்ப நாம் நடக்கவில்லை, அவ்வளவே அதன் பொருள். பொய் சொன்னோமா, வேண்டுமென்றே செய்தோமா என்பதைப் பற்றி அந்தச் சொல் வாய் திறப்பதில்லை.

சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது ‘கீழே விடு’ என்பதுதான். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில் இந்த நேர்ப்பொருளை நன்றாகக் காணலாம். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில், கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாதவர்கள் கூரையைப் பிரித்து, வாத நோயாளி கிடந்த படுக்கையை இறக்குகிறார்கள். அங்கே வருவது ‘லெட் டவுன் த பெட்’. அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில், தமஸ்கு நகரின் மதில் வழியாகச் சவுலைக் கூடையில் வைத்து இரவோடு இரவாக இறக்குகிறார்கள். அங்கே வருவது ‘லெட் ஹிம் டவுன்’. நம் மாணவர்கள் ஓயாமல் தடுமாறும் விதி இந்த இரண்டு இடங்களிலேயே தெரிகிறது. பெயர்ச்சொல் இரண்டு சொற்களுக்கு நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம். ஆனால் ஹிம், மீ, யூ போன்ற மாற்றுப்பெயர்கள் நடுவில்தான் வரவேண்டும். ‘லெட் டவுன் மீ’ என்று எழுதுவது பிழை. இறந்த காலத்திலும் ‘லெட்’ உருமாறாது என்பதால், அக்கா மகனின் வரி முடிந்துபோன ஒன்றைச் சொல்கிறது என்பதைச் சூழலை வைத்தே உணரவேண்டியிருந்தது.

கூடையில் இருப்பவனின் உயிர் கயிற்றைப் பிடித்திருப்பவர்களின் கையில் இருக்கிறது. நம்பியவரைத் தவிக்க விடுதல் என்ற பொருளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சியே மனத்தில் வருகிறது. தமிழில் இதற்கு மிக அருகில் நிற்பது ‘கைவிடு’. அதிலும் ஒரு ‘விடு’ இருக்கிறது. எனினும், கெடுங்காலைக் கைவிடுவார் என்று குறள் சொல்லும் இடத்தில், விட்டுவிட்டு விலகிப் போதல் என்ற கனம் இருக்கிறது. தேர்வில் தவறிய பிள்ளை யாரையும் கைவிட்டுப் போகவில்லை. ‘காலை வாரிவிடு’ என்பதும் பொருந்தாது. நட்ட நடு வழியில் நின்றுபோன வண்டிக்கு அது கச்சிதமாக அமையும், ஆங்கிலத்திலும் வண்டிக்கு இந்த வினை வரும். ஆனால் மனிதர் செய்தால் அதில் துரோகம் கலந்துவிடும்.

வேறு சில பயன்பாடுகளும் உண்டு. பாவாடையின் மடிப்புத் தையலைப் பிரித்து நீளமாக்குவதும், பிரிட்டிஷ் வழக்கில் டயரின் காற்றைப் பிடுங்குவதும் இதே வினைதான். எனக்குப் பிடித்தது விமர்சனங்களில் வரும் செயப்பாட்டு வடிவம். ஒரு படம் அதன் முடிவால் ‘லெட் டவுன்’ ஆனது என்று எழுதினால், மற்ற எல்லாமே நன்றாக இருந்தன என்ற பாராட்டும் அந்தக் குறைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ‘லெட் டவுன் ஜென்ட்லி’ என்றால், மறுப்பையோ கெட்ட செய்தியையோ மனம் நோகாமல் பக்குவமாகச் சொல்லுதல். அன்றிரவு நான் செய்யத் தவறியது அதைத்தான்.

மறுநாள் காலையில் அக்காவை அழைத்து, “நீ என்மேல வச்ச நம்பிக்கைய நான் காப்பாத்தலம்மா, அதுதான்க்கா அந்த வரிக்கு அர்த்தம்” என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவள், பதிலை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டாள். ‘யூ ஹேவ் நாட் லெட் மீ டவுன்’ என்று சொல்லி, ‘மீ’ நடுவில்தான் வரவேண்டும் என்றும் சொன்னேன். அவள் அதை எழுதவில்லை. “ஒண்ணும் ஆகல. சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்கு வா” என்று தமிழிலேயே அனுப்பியிருந்தாள்.