டிஸ்னி வேர்ல்டு உணவுத் திட்டம்: இரண்டு அறைகள், இரண்டு கணக்குகள்

கோவையிலிருந்து மாமனாரும் மாமியாரும் எங்களோடு தங்க வந்திருந்த 2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், அட்லாண்டாவிலிருந்து காரிலேயே ஆர்லாண்டோவுக்குச் சென்று டிஸ்னி வேர்ல்டைப் பார்த்துவிட்டு வந்தோம். நுழைவுச்சீட்டு, விடுதி இரண்டையும் முடிவு செய்ய அதிக நேரம் பிடிக்கவில்லை. டிஸ்னி விற்கும் ‘டைனிங் பிளான்’ என்னும் உணவுத் திட்டத்தை வாங்குவதா, வாங்கினால் எதை, யாருக்கு என்பதைத் தீர்மானிக்கத்தான் பல இரவுகள் கணக்குத் தாளோடு உட்கார வேண்டியிருந்தது. தாத்தா பாட்டியோடும் சிறு பிள்ளைகளோடும், சைவமும் அசைவமும் கலந்து உண்ணும் குடும்பமாகச் செல்பவர்களுக்கு எங்கள் கணக்கு உதவக்கூடும் என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

பெருந்தொற்றுக் காலத்தில் 2020இல் நிறுத்தப்பட்ட இத்திட்டம், 2024 ஜனவரி 9 முதல்தான் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பொதுவாக, டிஸ்னியின் சொந்த விடுதியில் அறையும் நுழைவுச்சீட்டும் சேர்ந்த தொகுப்பாக முன்பதிவு செய்பவர்களே இதை வாங்க முடியும். இதில் இரண்டு வகைகள் உள்ளன. குயிக் சர்வீஸ் திட்டத்தில், கவுன்ட்டரில் வாங்கிச் சாப்பிடும் சாப்பாடு இரண்டும் ஒரு சிற்றுண்டியும் ஒருவருக்கு ஓர் இரவுக்குக் கிடைக்கும். டைனிங் பிளான் என்றே அழைக்கப்படும் மற்றதில், மேசையில் அமர்ந்து பரிமாறப்படும் சாப்பாடு ஒன்று, கவுன்ட்டர் சாப்பாடு ஒன்று, சிற்றுண்டி ஒன்று. நாங்கள் சென்ற ஆண்டில் முதல் வகை பெரியவருக்கு 57.01 டாலர், சிறுவருக்கு 23.83 டாலர்; இரண்டாம் வகை பெரியவருக்கு 94.28 டாலர், சிறுவருக்கு 29.69 டாலர். இரண்டு வகையிலும் ஆளுக்கொரு குவளை தருகிறார்கள். அதில் காபியும் குளிர்பானமும் எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம், ஆனால் விடுதிகளில் மட்டும். பூங்காவுக்குள் அது செல்லாது.

விலையைவிட விதிகளைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். சிறுவர் என்பது 3 முதல் 9 வயது வரை மட்டுமே. பத்து நிறைந்துவிட்டால், கோழித்துண்டு நான்கைக் கொறித்துவிட்டு எழுந்துவிடும் பிள்ளையும் பெரியவர் கணக்கில் வந்துவிடும். எங்கள் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, மகனுக்கு ஆறு. ஒரே முன்பதிவில் ஓர் அறையில் தங்குவோரில் மூன்று வயது நிறைந்த அனைவருக்கும் ஒரே திட்டத்தை வாங்க வேண்டும். ஒருவருக்கு வாங்கி மற்றவரை விட்டுவிட முடியாது. சாப்பாட்டுக் கணக்கு ‘கிரெடிட்’களாக, தங்கும் இரவுகளின் எண்ணிக்கைப்படி மொத்தமாகத் தரப்படுகிறது. எந்த நாளில் எத்தனை செலவழிப்பது என்பது நம் விருப்பம். அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு மிச்சமிருப்பவை காலாவதியாகிவிடும். உணவகப் பணியாளருக்குத் தரும் டிப்ஸ் திட்டத்தில் சேராது. ஆறு பேரோ அதற்கு மேலோ ஒரே மேசையில் அமர்ந்தால் 18 விழுக்காடு டிப்ஸ் தானாகவே பில்லில் ஏறிவிடும். நாங்கள் சரியாக ஆறு பேர்!

இந்த விதிகளை வைத்துக்கொண்டு, நாங்கள் நால்வரும் இயல்பாக என்ன சாப்பிடுவோம் என்று எழுதிப் பார்த்தேன். எங்கள் நால்வருக்கும் டைனிங் பிளான் ஓர் இரவுக்கு 312.53 டாலர். மிக்கி, டொனால்டு போன்ற கதாபாத்திரங்கள் மேசைக்கு மேசை வந்து பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் பஃபே உணவகங்களில் இரவுச் சாப்பாட்டுக்குக் கையிலிருந்து பணம் கொடுத்தால், பெரியவருக்கு 66, சிறுவருக்கு 42 என்று வைத்துக்கொண்டேன். மூன்று பெரியவர், ஒரு சிறுவர் என்றால் 240 டாலர். கவுன்ட்டர் சாப்பாடு நால்வருக்கும் பானத்தோடு 77, ஆளுக்கொரு சிற்றுண்டியாக 28, இவற்றின் மீது 6.5 விழுக்காடு விற்பனை வரி என எல்லாம் சேர்ந்து 367ஐ எட்டியது. ஆகவே கதாபாத்திர பஃபேக்குச் செல்லும் நாளில் திட்டம் எங்களுக்கு 55 டாலர் அளவுக்கு மிச்சப்படுத்தும். அதே நாளில் பஃபேக்குப் பதிலாகப் பட்டியல் பார்த்து ஆர்டர் செய்யும் சாதாரண உணவகத்துக்குச் சென்றால் மேசைச் சாப்பாடு 140 டாலரில் முடிந்துவிடும். அன்றைக்குத் திட்டத்தால் 50 டாலர் நட்டம். பஃபேயிலேயே காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் விலையில் நல்ல வேறுபாடு இருந்தாலும் திட்டத்தில் இரண்டுக்கும் ஒரே கிரெடிட்தான் கழிகிறது என்பதால், கிரெடிட்டைக் காலை உணவில் வீணாக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் தெளிவாயிற்று.

திட்டத்தின் உள்கணக்கும் இதிலிருந்து புரிந்தது. கிரெடிட் தலையைத்தான் எண்ணுகிறது, தட்டில் இருப்பதை எண்ணுவதில்லை. நாற்பது டாலர் மாட்டிறைச்சித் துண்டுக்கும் இருபத்தைந்து டாலர் காய்கறி உணவுக்கும் கழிவது ஒரே கிரெடிட். 21 வயது நிறைந்தவர் பானத்துக்குப் பதிலாக மதுவகை ஒன்றையும் அதே கிரெடிட்டில் வாங்கிக்கொள்ளலாம். நான் சைவம், என் கணவர் கோழி, மீன் சாப்பிடுவார், ஆனால் குடிப்பழக்கம் இல்லை. இறைச்சியும் காக்டெய்லும் வாங்குபவரை மனத்தில் வைத்து விலை வைத்த திட்டத்தில், தண்ணீரும் காய்கறியுமாகச் சாப்பிடும் நம்மவர்கள் அடுத்த மேசைக்காரருக்கு மொய் எழுதிவிட்டு வருகிறோம் என்றே எனக்குப் பட்டது. சைவருக்கு இத்திட்டம் ஓரளவு கட்டுப்படியாகும் இடம் பஃபே மட்டும்தான். அங்கே யார் எதைச் சாப்பிட்டாலும் வெளியில் கொடுக்க வேண்டிய விலையும் ஒன்றே.

இந்த வெளிச்சத்தில் மாமனார், மாமியாரைப் பற்றி யோசித்தபோது முடிவு எளிதாகவே கிடைத்தது. அத்தை முட்டை கலந்த எதையும் தொடமாட்டார்கள். மாமாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் வேளைக்குச் சிறிதளவே உண்பார்கள். இருவரும் சேர்ந்து ஒரு கவுன்ட்டர் தட்டைப் பகிர்ந்துகொண்டு, மாலையில் ஒரு காபி குடித்தால் ஒரு நாளைக்கு 25 டாலர்கூட ஆகாது. அவர்களுக்குக் குயிக் சர்வீஸ் திட்டம் வாங்கினாலே இரவுக்கு 114.02 டாலர்; டைனிங் பிளான் என்றால் 188.56 டாலர். என் கணவருக்கோ, திட்டம் வாங்கிவிட்டால் அத்தை விலையைப் பார்த்துச் சாப்பிடாமல் இருக்க மாட்டார்கள் என்ற எண்ணம் இருந்தது. அதில் நியாயமும் உண்டு. அப்போது ஒரு டாலர் 83 ரூபாய். பட்டியல் கைக்கு வந்ததும் அத்தை மனக்கணக்காகவே பெருக்கிவிட்டு, “ஏம்மா, ஒரு தட்டு ஆயிரத்தைந்நூறு ரூபாயா?” என்று கேட்பார்கள். இந்த மன நிம்மதிக்கு இரவுக்கு நூறு டாலர் கொடுப்பது அதிகம் என்றேன் நான். விலைப்பட்டியலை அத்தை கையில் கொடுக்காமல் இருந்தாலே போதுமே!

தடையாக நின்றது ஒரே அறை, ஒரே திட்டம் என்னும் விதிதான். ஆறு பேரும் ஒன்றாகத் தங்குவதற்கு ஆர்ட் ஆஃப் அனிமேஷன் விடுதியின் பெரிய குடும்ப அறையைப் பார்த்து வைத்திருந்தோம். அங்கே தங்கினால் ஆறு பேருக்கும் திட்டம் வாங்க வேண்டும் அல்லது ஒருவருக்கும் வாங்கக் கூடாது. ஆகவே அதைக் கைவிட்டு, அதன் எதிரிலுள்ள பாப் செஞ்சுரி விடுதியில் இரண்டு சாதாரண அறைகளை இரண்டு தனித்தனி முன்பதிவுகளாக எடுத்தோம். எங்கள் அறைக்கு மட்டும் டைனிங் பிளான், அத்தை, மாமாவின் அறைக்கு எதுவும் இல்லை. இரண்டு முன்பதிவுகளையும் டிஸ்னியின் செயலியில் ஒரே குடும்பமாக இணைத்துக்கொள்ள முடிந்ததால், உணவக இடங்களை ஆறு பேருக்குமாகச் சேர்த்துப் பதிவு செய்வதில் சிக்கல் எதுவும் எழவில்லை.

இங்கே வரிசை முக்கியம். மேசை உணவகங்களில் இடம் பிடிப்பதற்கும் திட்டம் வாங்குவதற்கும் தொடர்பு இல்லை. திட்டம் இல்லாதவரும் பதிவு செய்யலாம். பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கிறது. டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள், வந்து சேரும் நாளுக்கு 60 நாள் முன்பே தங்கும் நாட்கள் முழுவதற்கும், அதிகபட்சம் பத்து நாள் வரை, ஒரே மூச்சில் பதிவு செய்துகொள்ளலாம். தொகுப்பின் மீதித் தொகையைக் கட்டுவதற்கோ வருகைக்கு 30 நாள் முன்பு வரை அவகாசம் உண்டு. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு மாதம்தான் திட்டத்தைத் தீர்மானிக்கச் சரியான காலம். எந்த உணவகங்களில் உண்மையிலேயே இடம் கிடைத்திருக்கிறது என்று தெரிந்த பிறகு கணக்குப் போட்டால் ஊகத்துக்கு இடமில்லை. விடியற்காலை ஆறு மணிக்குக் கணினி முன் அமர்ந்து கிறிஸ்டல் பேலஸ், ஷெஃப் மிக்கீஸ் உள்ளிட்ட கதாபாத்திர பஃபேக்களுக்கு மதிய, இரவு வேளைகளையும், ஒரு நாள் சனா என்னும் உணவகத்தையும் பிடித்த பிறகே டைனிங் பிளானைச் சேர்த்தோம். பஃபே இரண்டு மட்டுமே கிடைத்திருந்தால் திட்டமே வேண்டாம் என்று முன்னதாகவே பேசி வைத்திருந்தோம். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் ஆளுக்குப் பத்து டாலர் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், வேண்டாத இடங்களை உடனுக்குடன் ரத்து செய்துவிட வேண்டும்.

அத்தை, மாமாவின் சாப்பாட்டுக்குக் கைப்பொறுப்பாகக் கொண்டுபோனவையே பெரிதும் கைகொடுத்தன. பூங்காவுக்குள் வெளி உணவைக் கொண்டு செல்லத் தடை இல்லை. கண்ணாடிப் பாத்திரமும் உதிரிப் பனிக்கட்டியும் கூடாது. ஆகவே ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினேன். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தி, புளிக்காய்ச்சல், மைக்ரோவேவில் சூடாக்கினால் போதுமான சோற்றுப் பொட்டலங்கள், தயிர் ஆகியவை கூலர் பெட்டியில் வந்தன. அறையில் சிறிய குளிர்பதனப் பெட்டி இருந்தது. சூடாக்குவதற்கு ஃபுட் கோர்ட்டின் மைக்ரோவேவைப் பயன்படுத்திக்கொண்டோம். பூங்காவின் கவுன்ட்டர் உணவகங்களில் ஒரு கோப்பை தண்ணீரைக் கேட்டால் இலவசமாகவே தருகிறார்கள். ஐஸ் வேண்டாம் என்று சொல்ல மறந்தால் கோப்பை நிறைய ஐஸ்தான்.

பூங்காவில் வாங்கும்போது, பட்டியலில் இலைக் குறியீடு உள்ள உணவுகளைத் தேடுவது நல்லது. அக்குறியீடு இருந்தால் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் சேராது என்று பொருள். வெறுமனே ‘வெஜிடேரியன்’ என்று கேட்டால் முட்டை கலந்தது வந்துவிடக் கூடும். இலைக் குறியீட்டில் அந்த ஐயம் இல்லை. அனிமல் கிங்டம் பூங்காவில் உள்ள சட்டுலி கேன்டீனில் மிளகாய்த்தூள் சேர்த்துப் பொரித்த டோஃபுவைக் காய்கறியோடு கிண்ணத்தில் தருகிறார்கள். அத்தையும் மாமாவும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். பஃபே உணவகங்களில் சமையற்கலைஞரிடம் பேச வேண்டும் என்று பணியாளரிடம் சொன்னால், அவரே வந்து நம்மை வரிசையாக அழைத்துச் சென்று எதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று விளக்குகிறார். ஷெஃப் மிக்கீஸில் அத்தைக்கு நான் இப்படித்தான் கேட்டு வாங்கினேன்.

அத்தையும் மாமாவும் எங்களோடு வந்த மேசை உணவகங்கள் ஷெஃப் மிக்கீஸும் சனாவும்தான். மற்ற நாட்களில் நண்பகல் வெயிலுக்கு முன்பே அறைக்குத் திரும்பிவிட்டார்கள். எப்காட் பூங்காவிலிருந்து பாப் செஞ்சுரி வரை ஸ்கைலைனர் என்னும் கம்பிவடப் பெட்டி ஓடுவதால் நடையும் மிகக் குறைவு. சனா, அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி வில்லேஜில் இருக்கிறது. ஆப்பிரிக்கச் சமையலில் இந்திய மசாலா கலந்த உணவு. சன்னலுக்கு வெளியே புல்வெளியில் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேய்கின்றன. அங்கே ‘நான்’ ரொட்டி, குல்ச்சா போன்றவையும் ஒன்பது வகைத் தொட்டுக்கொள்ளும் சட்னி, ஊறுகாய்களும் நீளமான தட்டில் வரும். முன்உணவு திட்டத்தில் அடங்காது என்பதால் அதற்குத் தனியாகவே பணம் கொடுத்தோம். மாமா ஒட்டகச்சிவிங்கியைப் படம் எடுத்து முடிப்பதற்குள், அத்தை ஹலபேன்யோ மிளகாயும் எலுமிச்சையும் சேர்ந்த ஊறுகாயை விரல்நுனியில் தொட்டு வாயில் வைத்துவிட்டு, காரம் பரவாயில்லை, எண்ணெய்தான் போதாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் தட்டில் மீதம் எதுவும் இல்லை.

டிப்ஸ் கணக்கை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது மிகவும் தேவை. ஐந்து பெரியவர், ஒரு சிறுவர் பஃபேயில் அமர்ந்தால் உணவின் விலை 372 டாலர். அதில் 18 விழுக்காடு ஏறத்தாழ 67 டாலர். நால்வரின் சாப்பாடு கிரெடிட்டில் கழிந்துவிட்டாலும் டிப்ஸ் முழு விலையின் மீதுதான் கணக்கிடப்படுகிறது. சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டியாயிற்று என்ற நினைப்பில் செல்பவருக்கு அந்த பில் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

கடைசி நாளில் சிற்றுண்டிக் கிரெடிட்கள் சில மிஞ்சியிருந்தன. விடுதிக் கடையில் தகுதிக் குறியீடு உள்ள பொட்டலத் தின்பண்டங்களை அவற்றைக் கொண்டே வாங்கி, திரும்பும் வழிக்கு வைத்துக்கொண்டோம். செயலியில் மீதிக் கிரெடிட்டைத் தினமும் பார்த்து வந்தால் எதுவும் காலாவதியாகாது.

2026ஆம் ஆண்டு வருகைகளுக்கு, பத்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் உணவுத் திட்டம் வாங்கினால் அவர்களோடு வரும் 3 முதல் 9 வயதுச் சிறுவருக்குத் திட்டம் இலவசம் என்று டிஸ்னி அறிவித்திருக்கிறது. தள்ளுபடி இல்லாத தொகுப்புகளுக்கே இது பொருந்தும். ஆகவே இப்போது செல்பவர்கள் தாளில் இன்னும் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அறைக்குக் கிடைக்கும் தள்ளுபடி எவ்வளவு, சிறுவர் திட்டத்தில் மிச்சமாவது எவ்வளவு. இரண்டு சிறுவர் இருக்கும் வீட்டுக்கும், எங்களைப் போல ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் விடை வேறாகவே வரும்.