மூன்றாம் பக்கத்து 85 கிலோ

நானே கட்டும் சிறு விமானத்துக்காகச் செய்த ஓர் இன்ஜின் மவுண்ட், அதாவது இன்ஜினை விமான உடலோடு பிணைக்கும் சட்டம், என் ஷெட் சுவரில் தொங்குகிறது. குரோமாலி எஃகுக் குழாயில் நானே அளந்து, வெட்டி, பற்ற வைத்தது. வெல்டிங் நன்றாகவே வந்திருக்கிறது, பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எந்த இன்ஜினுக்காகச் செய்தேனோ அதுதான் கடைசிவரை வீடு வந்து சேரவில்லை.

இறக்கை, உடல், வால் எல்லாம் நான்கு வருடத்தில் முடிந்தன. அதில் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. வரைபடத்தில் இருந்ததைச் செய்தேன். இன்ஜினைத் தேர்ந்தெடுக்கத்தான் பதினான்கு மாதம் போனது. இரண்டு வெட்டி அலைச்சல், திரும்பி வராத பாதி அட்வான்ஸ், அப்புறம் இந்த மவுண்ட். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: நான் குதிரைத்திறனைத் துரத்திக்கொண்டிருந்தேன், எடையை யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டு பேர் அருகருகே உட்காரும், மெதுவாகப் பறக்கும், கொஞ்சம் பருமனான விமானம் என்னுடையது. 80 முதல் 100 குதிரைத்திறன் போதும் என்று வரைபடத்திலேயே இருந்தது. ஆனால் எனக்குள் இருந்த அற்பன் "போதும் என்றால் குறைந்தபட்சம் என்று அர்த்தம்" என்று புரிந்துகொண்டான். அதனால் முதலில் போனது ஒரு கார் இன்ஜினைப் பார்க்க.

130 குதிரைத்திறன் என்றார் விற்பவர். விமான இன்ஜின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்டார். உண்மையில் இன்ஜின் பளபளவென்று இருந்தது. ஆனால் அந்த 130 கிடைப்பது நிமிடத்துக்கு 5800 சுற்றில். அந்த வேகத்தில் புரொப்பெல்லரை நேரடியாகச் சுற்ற முடியாது, நுனி ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். இடையில் வேகம் குறைக்கும் அமைப்பு வேண்டும். அவர் பெல்ட் போட்டுத் தானே ஒன்று செய்திருந்தார். "எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது?" என்றேன். சோதனை ஸ்டாண்டில் 11 மணி நேரம். "முழு த்ராட்டிலில் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள்." புரொப்பெல்லர் இன்னும் வரவில்லையாம். அப்படியென்றால் அந்த 11 மணி நேரம் எதைச் சுற்றியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கார் இன்ஜினைப் பழிக்கவில்லை. 1929லேயே பெர்னார்ட் பீட்டன்போல் தன் ஏர் கேம்பரில் ஃபோர்டு மாடல் ஏ இன்ஜினைப் பூட்டிப் பறந்திருக்கிறார். ஆனால் அது மெதுவாகச் சுற்றும் இன்ஜின். நடுவில் பெல்ட்டும் இல்லை, கியரும் இல்லை. இன்றைய கார் இன்ஜினில் சிக்கல் இன்ஜினிலேயே இல்லை, அதைச் சுற்றி நாம் சேர்ப்பதில்தான். நான்கு சிலிண்டரும் விட்டுவிட்டு உதைக்கின்றன. எதிர்முனையில் புரொப்பெல்லர் ஒரு பெரிய சக்கரமாக நின்று எதிர்க்கிறது. நடுவில் இருக்கும் தண்டும் பெல்ட்டும் முறுக்கு அதிர்வில் களைத்துப்போய் ஒருநாள் உடையும். எந்தச் சுற்றில் அந்த அதிர்வு உச்சத்துக்குப் போகும் என்று அளந்து பார்த்த தாள் அவரிடம் ஒன்றுகூட இல்லை. போதாததற்கு ஒரே கம்ப்யூட்டர், ஒரே பேட்டரி. நெடுஞ்சாலையில் கார் தன் சக்தியில் சிறு பங்கை மட்டும் செலவழித்து ஓடுகிறது. விமானத்தில் முக்கால் பங்கை மணிக்கணக்கில் உறிஞ்சுவோம். சரி, வேண்டாம் என்று திரும்பினேன். ஒருநாள் முழுக்க வீண்.

அடுத்த ஆசை கான்டினென்டல் ஓ-200. செஸ்னா 150இல் வந்த அதே 100 குதிரைத்திறன் இன்ஜின். 2750 சுற்றில் நேரடியாகப் புரொப்பெல்லரைச் சுற்றும். தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோ இரண்டு இருப்பதால் பேட்டரி செத்தாலும் ஓடும். தெரிந்தவருக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒன்று இருந்தது. ஓவர்ஹாலுக்குப் பிறகு 600 மணி நேரம்தான் ஓடியது என்றார். அடுத்த ஓவர்ஹாலுக்கு 1800 வரை போகலாமே என்று நானே மனக்கணக்குப் போட்டு, 1200 மணி நேரம் மிச்சம் என்று மகிழ்ந்து, போனிலேயே அட்வான்ஸ் அனுப்பினேன். இன்ஜின் வருவதற்குள் மவுண்ட் தயாராக இருக்கட்டும் என்று வெல்டிங்கும் முடித்துவிட்டேன். இதைப் படித்து நீங்கள் தலையில் அடித்துக்கொண்டால் எனக்கு வருத்தமில்லை.

நேரில் போனபோது முதலில் ஓடிய நேரமும் பராமரிப்பும் பதியும் லாக் புத்தகத்தைக் கேட்டேன். இரண்டாவது புத்தகம்தான் இருந்தது. முதலாவது அண்ணன் மகன் வீட்டில் இருக்கிறதாம், தேடி அனுப்புகிறேன் என்றார். இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார். கையில் இருந்த புத்தகத்தில் கடைசிப் பதிவு பதினாறு வருடத்துக்கு முந்தையது. ஓடிய மணி நேரத்தைப் பற்றித்தான் பேசினாரே தவிர, ஓடாமல் கிடந்த வருடங்களைப் பற்றி மூச்சு விடவில்லை. ஓடாத இன்ஜின் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். ஓ-200இல் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட், இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்குக்குக் கீழே இருப்பதால் ஓரளவு தப்பும். லைகாமிங் விமான இன்ஜினில் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது, ஆயில் எல்லாம் வடிந்து காய்ந்துவிடும். பழைய லைகாமிங் பார்க்கப் போகிறவர்கள் ஒரு சிலிண்டரையாவது கழற்றி கேமைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

நல்லவேளையாகக் கருவிகளைக் கொண்டு போயிருந்தேன். சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனையில் 80 பவுண்டு அழுத்தம் கொடுத்தால் மூன்று சிலிண்டர்கள் 70க்கு மேல் நின்றன. ஒன்றில் 48. எக்ஸாஸ்ட் குழாயில் காதை வைத்தால் பாம்பு மாதிரி சீறல். அப்படியென்றால் எக்ஸாஸ்ட் வால்வு ஒழுகுகிறது. ஆயில் ஊற்றும் வாயில் பலமாகச் சீறினால் பிஸ்டன் ரிங், கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. இந்தச் சோதனையைத் தனியாகச் செய்யாதீர்கள். காற்று உள்ளே போனதும் புரொப்பெல்லர் சட்டென்று திரும்பும், விவரம் தெரிந்த ஓர் ஆள் அதை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வால்வைக்கூட மாற்றிக்கொள்ளலாம். நூலளவு ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜைத்தான் மறக்க முடியாது. கிராங்க்ஷாஃப்ட்டின் முன் தட்டில் அதை வைத்து மெதுவாகச் சுற்றினேன். முள் கையேடு அனுமதிக்கும் அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆடியது. கேஜை நகர்த்தி வைத்து மறுபடி சுற்றினேன், மறுபடி அதே ஆட்டம். கிராங்க் வளைந்திருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"புரொப்பெல்லர் எங்கேயாவது அடிபட்டதா?"

"அதெல்லாம் ஒன்றுமில்லை தம்பி. ஒருதடவை முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. லேசான கீறல்தான். புரொப்பெல்லரை மாற்றிவிட்டோம்."

புரொப்பெல்லர் தரையில் அடித்தால் இன்ஜினை முழுதாகப் பிரித்து, கிராங்கில் விரிசல் பார்க்க வேண்டும். அந்தக் கீறல் எந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அண்ணன் மகனுக்கு நன்றி.

இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு காரியமாவது செய்வோம் என்று, கொண்டு போயிருந்த டிஜிட்டல் தராசில் இன்ஜினைத் தொங்கவிட்டேன். நான் தேடிப் படித்து வைத்திருந்த எடை சுமார் 77 கிலோ. தராசு 98 காட்டியது. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், மேக்னெட்டோ, கார்புரேட்டர், எக்ஸாஸ்ட், ஆயில் எதுவும் அந்த 77இல் இல்லை. என் மவுண்ட்டையும் சேர்த்தால் 104.

அன்று இரவு வரைபடம் போட்டவருக்கு எழுதிக் கேட்டேன். ஒரே வரியில் பதில்: "ஃபயர்வாலுக்கு முன்னால் 85 கிலோ, மூன்றாம் பக்கம் பார்க்கவும்." ஃபயர்வால் என்றால் இன்ஜினையும் ஆள் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தடுப்பு. பார்த்தேன். நான்கு வருடமாக நான் புரட்டிப் புரட்டி ஓரம் மடிந்த அதே பக்கம்.

19 கிலோதானே அதிகம், ஈயத்தை வாலில் கட்டிச் சரிக்கட்டிவிடலாம் என்று அப்போதும் ஒரு நப்பாசை. கணக்கு இப்படிப் போனது. இன்ஜின் ஈர்ப்பு மையத்திலிருந்து 1.1 மீட்டர் முன்னால், வால் 3.8 மீட்டர் பின்னால். 19ஐ 1.1ஆல் பெருக்கி 3.8ஆல் வகுத்தால் ஐந்தரை கிலோ ஈயம். ஆகப் பயன் ஏதுமில்லாமல் 24 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். இரண்டாவது ஆளைப் பாதியாகக் குறைத்தால்தான் மேலே போகலாம்.

ரைட் சகோதரர்களும் இதே கதவுகளைத் தட்டியவர்கள்தான். 1902 டிசம்பரில் கார் இன்ஜின் செய்பவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள்: எட்டு, ஒன்பது குதிரைத்திறன், எடை 180 பவுண்டுக்கு மிகாமல். 180 பவுண்டு என்றால் கிட்டத்தட்ட 82 கிலோ! ஒத்துவருகிற இன்ஜின் யாரிடமும் கிடைக்காமல், அவர்களின் மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறே வாரத்தில் அலுமினிய உடலோடு 12 குதிரைத்திறனில் ஒன்றைச் செய்து கொடுத்தார். அவர்கள் கடிதம் எழுதும் முன்பே எடையைத் தீர்மானித்துவிட்டார்கள். நூறு வருடம் கழித்து நான் தலைகீழாக ஆரம்பித்திருக்கிறேன்.

அப்புறம் பட்டியலை 85 கிலோவிலிருந்து மறுபடி எழுதினேன். இரண்டு ஸ்ட்ரோக் ரோடாக்ஸ் 582 எடைக்கு அருமை, ஆனால் 65 குதிரைத்திறன். இரண்டு பேரோடு என் விமானத்துக்குப் போதாது. விமானத்துக்காக மாற்றியமைத்த ஃபோக்ஸ்வாகன் கார் இன்ஜின் எளிமையானது, உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். ஆனால் அதன் சக்தி சுமார் 3500 சுற்றில்தான் கிடைக்கிறது. அந்த வேகத்தில் நுனியைக் கட்டுக்குள் வைக்கச் சின்னப் புரொப்பெல்லர்தான் போட முடியும். ஒல்லியான, வேகமான விமானத்துக்கு அது சரி. என்னுடையதுபோல மெதுவாகப் போகும் குண்டு விமானத்தைத் தூக்க நீளமான புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஜபிரு 2200 கடைசிவரை பட்டியலில் இருந்தது. எடை குறைவு, கியர் இல்லை. 3300 சுற்று என்பதால் அங்கேயும் புரொப்பெல்லர் சின்னதுதான்.

மிஞ்சியது ரோடாக்ஸ் 912 யூஎல்எஸ். உள்ளே 5800 சுற்று, கியர் 2.43, புரொப்பெல்லருக்கு 2400க்குச் சற்றுக் குறைவு. 1.7 மீட்டர் தாராளமாகப் போடலாம். பெரிய இன்ஜினுக்கு மாறிய ஒருவர் முழுக் காகிதங்களோடு விற்றார், சோதித்தேன், வாங்கினேன். ரேடியேட்டர், தண்ணீர், ஆயில் டேங்க், புது மவுண்ட் எல்லாம் சேர்த்துத் தராசில் 79 கிலோ. அன்று நான் குதித்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

ஆனால் 100 குதிரைத்திறன் என்பது ஐந்தே நிமிடத்துக்கு. தொடர்ந்து ஓட்ட 5500 சுற்றுதான், அதாவது 95. எடையைப் போலவே சக்தியிலும் எந்தக் கணக்கு என்று கேளுங்கள்.

ஆயில் பார்ப்பதிலும் முதல் நாளே சறுக்கினேன். இதில் ஆயில் தனி டேங்கில் இருக்கிறது. நின்றிருக்கும்போது இன்ஜினுக்குள் வடிந்து தேங்கும். இக்னிஷன் அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, புரொப்பெல்லரைச் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றினால் டேங்க் ஏப்பம் விடும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் குச்சியைப் பார்க்க வேண்டும். நான் ஏப்பத்துக்குக் காத்திருக்காமல் குறைகிறதே என்று அரை லிட்டர் ஊற்றி, பிறகு வடித்தேன். பழைய இன்ஜின் வாங்குகிறவர்கள் ரப்பர் குழாய்களின் வயதையும் பாருங்கள், ஐந்து வருடத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் ஊற்றினால் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும். நான் ஈயமில்லாத 95 ஆக்டேனுக்குப் போய்விட்டேன்.

கடைசி அடி பதிவு அலுவலகத்தில். ரசீதில் இன்ஜின் எண்ணின் ஓர் எட்டை விற்றவர் மூன்றாக எழுதியிருக்கிறார். எழுத்தர் காகிதத்தை என் பக்கம் தள்ளி, "இது வேறு இன்ஜின்" என்றார். இன்ஜினின் தகட்டைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். "போட்டோ ஆவணம் ஆகாது." விற்றவர் வெளியூரில். புது ரசீது வந்தது. அதில் தேதி விடுபட்டிருந்தது. மூன்றாவது தடவை போனபோது அந்த எழுத்தர் விடுப்பில் இருந்தார், அவர் இடத்தில் இருந்தவர் இரண்டு நிமிடத்தில் முத்திரை குத்தினார். காசு கைமாறும் முன் தகட்டையும் ரசீதையும் ஓர் ஓர் எண்ணாகச் சத்தம் போட்டுப் படித்துப் பாருங்கள்.

போன வாரம் மூக்கைத் தூக்கி நிறுத்திப் பெட்ரோல் ஓட்டம் அளந்தேன். முழு சக்தியில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும் இன்ஜின். பம்ப் உள்ள அமைப்பில் அதைவிடக் கால் பங்கு அதிகம், 34 லிட்டராவது வர வேண்டும். முதலில் 31தான் வந்தது. வடிகட்டியில் டேங்க் செய்தபோது உதிர்ந்த தூள். கழுவிய பிறகு 46. மறுநாள் காலை இன்ஜின் இரண்டாவது முயற்சியில் பிடித்தது.

சுவரில் இருக்கும் மவுண்ட்டுக்கு வருகிறேன். ஓ-200 வைத்திருப்பவர்கள் யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். பெயின்ட் மட்டும் பாக்கி. முதல் லாக் புத்தகத்தைக் கையோடு கொண்டு வர வேண்டும்.