மண்ணை ஒட்டிய மஞ்சள் பூ

ஜூலை 6

மழை விட்ட பிறகு காட்டுப் பாதையோரம், சருகுகளுக்கு நடுவே ஒரு சின்ன மஞ்சள் பூ. ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள். காம்பே இல்லாமல் மண்ணிலிருந்து நேராக விரிந்தது போல இருக்கிறது. சுற்றிலும் மடிப்பு விழுந்த நீள இலைகள், நரம்புகள் இணையாக ஓடுகின்றன. ஒருவித்திலைத் தாவரம் என்பதில் சந்தேகமில்லை. இலையை மட்டும் படம் பிடித்துக் காட்டினால், செடிகளை அடையாளம் சொல்லும் கைபேசிச் செயலி பனைக் கன்று என்கிறது. கன்றுப் பருவத்தில் பூக்கிற பனை எங்கே இருக்கிறது?

ஜூலை 7

இதுவாக இருக்கலாம் என்று போட்ட பட்டியலில் மிஞ்சியவை இரண்டு: நிலப்பனை என்கிற குர்குலிகோ ஆர்கியாய்டிஸ், ஹைபாக்ஸிஸ் ஆரியா. இரண்டுமே ஹைபாக்ஸிடேசி குடும்பம். மேலிருந்து எடுத்த படத்தை வைத்துப் பிரிப்பது கஷ்டம். எல்லோரும் மேலிருந்துதான் எடுக்கிறார்கள். படம் அழகாக வரும், அடையாளத்துக்கு உதவாது.

சூற்பை, அதாவது பின்னால் காயாக மாறும் பகுதி, எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹைபாக்ஸிஸில் மெல்லிய பூத்தண்டு மண்ணுக்கு மேலே எழும். பூவுக்கு நேர் கீழே ரோமம் படர்ந்த சூற்பை கண்ணுக்குத் தெரியும். இலையும் புல் மாதிரி குறுகலானது. நிலப்பனையில் சூற்பை இலையுறைகளுக்குள், மண்ணோடு மண்ணாக மறைந்திருக்கும். அதன் உச்சி நீண்டு ஒல்லியான அலகாகி மேலே வந்து பூவைத் தாங்கும். பார்ப்பவர்கள் காம்பு என்று நினைப்பது அந்த அலகைத்தான்.

ஜூலை 9

விடாத மழை. போகவில்லை.

ஜூலை 12

தரையோடு படுத்து, சருகை விரலால் விலக்கி, பக்கவாட்டில் படம் எடுத்தேன். வெளியே சூற்பை இல்லை. வெளிறிய, ரோமமுள்ள அலகு இலையுறைக்குள் இறங்குகிறது. இதழ்களின் பின்பக்கமும் ரோமம். சரி, நிலப்பனைதான்.

தோண்டினால் செங்குத்தாக இறங்கும் கிழங்கு கிடைக்கும், அதையும் உறுதிப்படுத்தலாம். ஆனால் மருந்துக்காக இந்தக் கிழங்கைக் காடுகளில் ஏற்கெனவே தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். பெயர் தெரிந்துகொள்ள ஒரு செடியைப் பிடுங்குவது எனக்குச் சம்மதமில்லை, அதுவும் மண்ணுக்கு மேலேயே இவ்வளவு ஆதாரம் இருக்கும்போது.

ஜூலை 20

பூ வாடிவிட்டது. 1788இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த கெயர்ட்னர் பழங்களையும் விதைகளையும் ஆராய்ந்தவர். கறுப்பாக, நெளிநெளியான வரிகளோடு இருக்கும் இதன் விதையை அவர் ரசித்துப் பார்த்திருப்பார். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை, காய் இருப்பது மண்ணுக்குள்.

அதற்குப் பதில் வேறொன்று கிடைத்தது. வளைந்து ஈர மண்ணைத் தொட்ட ஓர் இலையின் நுனியில் வேர் விட்டு, குட்டிச் செடி முளைத்திருக்கிறது. நிலப்பனை இப்படியும் பெருகும். அப்புறம்தான் உறைத்தது: இங்கே நெருக்கமாக நிற்பவற்றில் பல ஒரே தாயின் நகல்களாக இருக்கலாம். கண்ட செடியைப் பதிவு செய்யும்போது எத்தனை செடி என்று கேட்ட இடத்தில் எண் போடாமல், 'ஒரு திட்டு' என்று எழுதினேன்.